ரேஸ் கொடுத்தால் அடங்கிப்போகிறது

நின்ற இடத்தில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை, கேட்கிறவர்கள் நேற்று எடுத்த புது டிராக்டர் என்பார்கள், ஆறு மாதமாகத் தகரக் கொட்டகையில் கோழி ஏறி எச்சம் போட்டுக் கிடந்த வண்டி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். ரேஸ் கொடுத்தால்தான் வண்டவாளம் தெரிகிறது. மெக்கானிக் லூர்துசாமி ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கிறார், வண்டி கத்துகிறது, கொட்டகைத் தகரம் அதிர்கிறது, நான் மனசுக்குள் எண்ணுகிறேன், முப்பது எண்ணுவதற்குள் அந்தக் கத்தல் மெலிகிறது, இரண்டு தரம் இருமுகிறது, மிதித்த கால் மிதித்தபடியே இருக்க வண்டி அடங்கிப்போகிறது. ஒவ்வொரு தரம் அது அடங்கும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியொரு சந்தோஷம். அடங்கு, இன்னும் நன்றாக அடங்கு, அடங்கி எல்லோர் காதிலும் விழு. முக்கியமாக முற்றத்துக்கு அந்தப் பக்கம் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிற அம்சவேணி காதில் விழு. அவள் என் ஓரகத்தி, என் கொழுந்தன் பட்டாபியின் பெண்டாட்டி, பட்டாபி இப்போது இல்லை. அரை மணி நேரமாக அதே ஒரு கொத்துக் கீரையைத்தான் உருவிக்கொண்டிருக்கிறாள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். உள் அறையில் படுத்திருக்கிற என் வீட்டுக்காரர் காதிலும் விழ வேண்டும். கோதண்டம் என்று பேர் வைத்த மனிதர், ஆறு மாதத்தில் வில்லுமாதிரிதான் வளைந்து போய்விட்டார், சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, கரும்பு லோடு, கெடிலம் ஆற்றுக் கரை ஏற்றம். எத்தனையோ வருஷம் அவர் ஏறிய ஏற்றம், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுவார். பட்டாபி எப்போதும்போல அண்ணனுக்குப் பக்கத்தில் மட்கார்டின் மேல் உட்கார்ந்திருந்தான். பாதி ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் போய் லோடு பின்னால் இழுத்தது, பட்டாபி கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தான், டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவன் வேலை, ஏற்றத்தில் வண்டி திணறினாலே கேட்காமல் குதித்துவிடுவான். அதற்கு மேல் நான் நினைப்பதில்லை. நினைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே அந்தச் சக்கரத்தை நினைத்துவிடுகிறேன், ஈரக் கரை, சேற்றில் வழுக்கியிருக்கும், கட்டை இரண்டு துண்டாகக் கிடந்ததாம், அதை யாரோ வேலை மெனக்கெட்டு என்னிடம் வந்து சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான், முறுக்க முறுக்க அடங்கிப்போச்சு குணவதி, இழுக்கவே இல்ல. நான் நம்பினேன், வேறு ஒருவரும் நம்பவில்லை. சோதனைக்கு வந்த ஆள் காலி வண்டியை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். காலி வண்டி எங்கேதான் அடங்கும். மூன்றாம் நாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார்கள், அன்றைக்குச் சாயங்காலம் சொந்தக்காரர்கள் நிறைந்த முற்றத்தில் அவரே எழுந்து நின்று, வண்டி மேல தப்பில்ல, கியர் மாத்தும்போது நான்தான் விட்டுட்டேன் என்றார். அம்சவேணி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கவே இல்லை, ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள், அவர் நிழல் முற்றத்தில் விழுந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவரும் கேஸில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தவர்தான்.

ஊர்க்காரர்கள் பேசிப் பேசி அவர் மனசைத் திருப்பிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். செய்யாத தப்பைச் செய்ததாக ஒரு மனிதனை நம்ப வைப்பது எவ்வளவு சுலபம், பத்துப் பேர் சொன்னால் போதும். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் மாட்டுக்கொட்டகையில் அவர் சும்மா நின்றுகொண்டிருந்த நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை, அன்றைக்கே வயலுக்கு வைத்திருந்த மருந்தையும் மற்றதையும் மூட்டை கட்டி என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அன்றிலிருந்து நான் முழுசாகத் தூங்கியதில்லை, அவர் புரண்டால் எனக்கு விழிப்பு வரும், புரளாவிட்டாலும் வரும். நாலு தரம் கேட்டேன், மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்ப்போம், வண்டியில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டால் அம்சவேணியாவது புரிந்துகொள்வாள் என்று. நாலு தரமும் வேணாம், கெடக்கட்டும், கிட்ட போவாத என்றார். பயந்துவிட்டார், வண்டி நன்றாக ஓடிவிட்டால் தப்பு தன்மேல்தான் என்று முடிவாகிவிடும் என்று பயப்படுகிறார், எனக்கு அப்படித்தான் பட்டது. ஆகவே இன்றைக்கு அவரைக் கேட்கவில்லை. காலையில் நானே பஸ் ஏறிப் போய் லூர்துசாமியை அவர் பைக்கிலேயே கையோடு கூட்டிவந்துவிட்டேன். கோளாறைக் கண்டுபிடித்துக் கையில் கொடுங்கள், சரி செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்படிக் கேட்கிற ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார்.

டீசல் வண்டிக்குச் சாப்பாடு இரண்டே இரண்டு, டீசலும் காற்றும், இதில் எதையாவது குறைத்தால் அதற்கு மூச்சு வாங்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நல்ல மனிதர், ஆனால் பேச்சு நிற்காது. ஃபில்டரைக் கழற்றினார், உள்ளே கறுப்பாக இருந்தது, எனக்கு உயிர் வந்தது, இதுதானா என்றேன், இது எல்லா வண்டியிலும் இருக்கிற அழுக்குத்தான் என்று புதுசு மாட்டினார், ரேஸ் கொடுத்தார், அடங்கியது. ஏர் கிளீனரைக் கழற்றி அடியில் இருந்த பழைய ஆயிலைக் கொட்டினார், அதில் ஒரு கரப்பான் மிதந்தது, இதுவா என்றேன், இல்லை என்றார். ஹோஸை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது, இத்தனை சாமான் வைத்து ஒரு வண்டியைச் செய்வார்களா, ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று ஒவ்வொன்றாகத் தப்பித்துக்கொள்கிறதே, மனிதன்மேல் பழி போடுவது மட்டும் எவ்வளவு சீக்கிரம் நடந்துவிட்டது. டேங்கிலிருந்து வருகிற ட்யூபைக் கழற்றித் தொங்கவிட்டார், டீசல் கொட்டியது, கொட்டக் கொட்டக் கம்பியாக மெலிந்து நூலாகி நின்றுவிட்டது, டேங்கில் முக்கால்வாசி டீசல் இருக்கிறது. லூர்துசாமி பேச்சை நிறுத்தினார். குழாயில் வாயை வைத்து ஊதினார், டேங்குக்குள் குமிழி விடுகிற சத்தம் கேட்டது, டீசலைத் துப்பிவிட்டு மறுபடி மாட்டி ஓட்டினார். இந்தத் தரம் நூறு எண்ணும்வரை கத்தியது, ஐயோ சரியாகிவிட்டதே, அப்படியென்றால் அவர்தான், அப்படியென்றால் கியர்தான் என்று, பிறகு அது மெலிந்து அடங்கியபோது நான் மாரியாத்தாளுக்கு நன்றி சொன்னேன். டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் ஒன்று கொண்டுவந்து மாட்டிப் பார்க்கிறேன் என்று பைக்கை எடுத்தார். உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, போகிற போக்கில், பல் குத்துகிறவர்மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"பம்ப் மாத்தியும் கேக்கலன்னா டேங்க் மூடி ஒண்ணுதாம்மா பாக்கி. மூடியில ஊசிமொனை கணக்கா ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா டேங்குக்குள்ள காத்து போவணும். அது அடச்சிருந்தா உள்ள டீசல் இருந்தும் எறங்காது. சும்மா நின்னா ஓடும், லோடுல முறுக்குனா செத்துப்போவும்."

பைக் போய்விட்டது. மூடி. மூடியில் என்ன இருக்கிறது. மூடியில் ஒன்றும் இல்லை, மூடி மூடிதான். நான் தொட்டிப் பக்கம் போய்க் கைகழுவினேன், கையில் அழுக்கு இல்லை, இருந்தும் கழுவினேன். மாங்காய் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்தது, எதற்கு இப்போது ஊறுகாய் ஜாடி, வேண்டாம் என்றால் போகவில்லை. நான் போடுகிற ஊறுகாய் வருஷம் ஆனாலும் பூஞ்சை பிடிக்காது, தெருவில் எல்லோரும் கேட்பார்கள், வாயில் கவர் விரித்து அதன்மேல் மூடியைத் திருகணும், பொட்டுக் காற்றுப் போகக்கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம் என்று பெருமையாகச் சொல்வேன். பொட்டுக் காற்றுப் போகக்கூடாது. லோடு ஏற்றுவதற்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார், டேங்க் மூடி பழசாகிப்போச்சு, மழைத்தண்ணி உள்ளே இறங்குது, வேறு மூடி வாங்கணும் என்று. சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவர் கரும்பு வெட்டுகிற இடத்தில் இருந்தார். நான் யூரியா மூட்டையின் உள் கவரைச் சதுரமாக வெட்டினேன், டேங்க் வாயில் விரித்தேன், மேலே மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். முதல் சொட்டு என் கழுத்தில் விழுந்தது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதுகூட இல்லை, கொடியில் கிடக்கிற துணியை எடுத்து மடிக்கிறோம், அதை யாரிடமாவது சொல்கிறோமா, அந்தமாதிரி வேலை அது. ஆறு மாதமாக அது என் நினைப்பிலேயே இல்லை. அவர் டீசல் ஊற்றும்போது எடுத்துப் போட்டிருப்பார். ஊற்றியிருக்க மாட்டார், முந்தின நாள் காலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டார், எனக்குத் தெரியும், நானும்தான் கேனைப் பிடித்தேன். காற்றில் கிழிந்திருக்கும். யூரியா கவர் கிழியாது. ஒரு சின்ன கவர், அத்தனை பெரிய வண்டி, ஐம்பது குதிரை சக்தி என்பார், ஒரு கவர் எப்படி.

போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்காவிட்டால் இப்படியே இருக்கலாம், லூர்துசாமி திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும். பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டே கொட்டகைக்குள் போனேன். மூடி லேசில் வரவில்லை, முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன், இளகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம், தண்ணீரில் முங்கி எழுந்த ஆள் மூச்சு வாங்குகிறமாதிரி. கவர் இருந்தது. நடுவில் குழி விழுந்து, உள்பக்கமாக இழுத்து, வெட்டின சதுரம் வெட்டினபடி. நான்தான். அவர் இல்லை, கியர் இல்லை, வண்டிகூட இல்லை, நான்தான் பட்டாபியைக் கொன்றேன். டயரைப் பிடித்துக்கொண்டேன், பிடித்ததும் அது டயர் என்று தெரிந்து கையை எடுத்தேன். ஆறு மாதமாக அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள்மேல் தப்பில்லை என்று தேறுதல் சொல்கிறேன், தப்பு யார்மேல் என்று எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. சொல்லிவிடு. சொன்னால் அவர் எழுந்துவிடுவார். சொன்னால் அம்சவேணி. அவள் என்னோடு மட்டும்தான் பேசுகிறாள், இந்த ஆறு மாதத்தில் அவள் அழுததெல்லாம் என் மடியில்தான், அந்த மடியா. சொல்லாமல் கவரை எடுத்து எறிந்துவிட்டால் வண்டி கணீரென்று ஓடும், கோளாறே இல்லை என்று லூர்துசாமி சொல்வார், தப்பு என் வீட்டுக்காரர்மேல்தான் என்பது நிச்சயமாகிவிடும், அப்புறம் எத்தனை மருந்தை எத்தனை அண்ணன் வீட்டுக்கு அனுப்பி என்ன பிரயோஜனம். கவரைப் பட்டாபிதான் விரித்தான் என்று சொல்லலாம். நினைத்தே விட்டேன் அதை. செத்தவன் வந்து இல்லை என்றா சொல்லப்போகிறான். அண்ணி, குழம்பு சட்டியில எனக்குக் கொஞ்சம் அடி வழிச்சு வையுங்க என்று வாசலிலேயே குரல் கொடுக்கிற பிள்ளை, அவன் தலையில் அவன் சாவையே தூக்கி வைக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், ஒரு நிமிஷம்கூட இல்லை, ஆனால் நினைத்தேன். நான் எந்தமாதிரிப் பொம்பளை என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

கொட்டகைக் காலில் குளவி கட்டின மண் இருந்தது, காய்ந்து உருண்டை உருண்டையாக. அது கண்ணில் பட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, கைதான் முதலில் போனது. குளவி எந்த ஓட்டையை விட்டது, சாவித்துவாரத்தை விடாது, குழாயை விடாது. ஒரு உருண்டையைப் பிய்த்தேன், எச்சில் துப்பிக் குழைத்தேன், மூடியின் உள்பக்கம் அந்த ஊசிமுனை ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்துத் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கால் மண்ணைக் குத்திக் குத்தி அடைத்தேன். குளவிமேல் யார் கோபித்துக்கொள்ள முடியும். அவருக்கும் விடுதலை, எனக்கும் ஒன்றும் இல்லை, அம்சவேணிக்கும் கோபித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போகட்டும். வெயிலில் பத்து நிமிஷம் மூடியைக் காய வைத்துத் திருகினேன். கவரைக் கையில் கசக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டும்போது அம்சவேணி தலையைத் தூக்கி, என்னாக்கா சொன்னாரு, ஏதாவது தெரிஞ்சுதா என்றாள். இன்னும் இல்லை என்றேன். அடுப்பில் போட்டேன், டீசல் கவர், குப்பென்று பிடித்துக்கொண்டது, கருகின நாற்றம் வீடு முழுக்கச் சுற்றியது. உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. 

லூர்துசாமி வந்து பம்பை மாற்றி ஓட்டினார், நான் எண்ணவில்லை, அது பாட்டுக்கு அடங்கியது. மூடியைத் திறந்தார், உஸ்ஸென்றது, கவிழ்த்துப் பார்த்தார், கம்பியால் நோண்டினார், மண் உதிர்ந்தது. பாத்தியாம்மா, குளவி பண்ணின வேலை என்று உரக்கச் சிரித்தார். மூடியைப் போடாமலேயே வண்டியில் ஏறி மிதித்துப் பிடித்தார். அது அடங்கவில்லை. முப்பது, நூறு, இருநூறு, மிதித்த மிதிக்குக் கத்திக்கொண்டே இருந்தது, தகரம் பறந்துவிடும்போல் இருந்தது, எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, பொத்தவில்லை. அந்தச் சத்தத்தில்தான் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அம்சவேணி கீரை மடியோடு எழுந்து நின்றாள், இந்தத் தரம் உள்ளே போகவில்லை. லூர்துசாமி வண்டியை அணைத்துவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார், லோடோடு ஏற்றத்தில் முறுக்கினால் எப்பேர்ப்பட்ட டிரைவராக இருந்தாலும் இதை ஒன்றும் செய்திருக்க முடியாது, நின்றுதான் போகும் என்று. மூடியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மீதி மண்ணை நகத்தால் சுரண்டினார். எத்தனை நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

"குளவிதான்" என்றார்.

அம்சவேணி அழவில்லை. கீரையைக் கீழே வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "மாமா, கை அலம்பிகிட்டு வாங்க. சோறு போடுறேன்" என்றாள். அவள் குரல் உடைந்தது அந்த மாமாவில்தான். எனக்கு அவள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது, விழுந்தால் ஏன் என்று கேட்பாள். லூர்துசாமி சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். என் வீட்டுக்காரர் தொட்டிக்கு வந்தார், நான் செம்பில் மொண்டு ஊற்றினேன், குனிந்து கை கழுவினார், மெலிந்த கை, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலேயே, தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாகக் கேட்டார்.

"கவர எங்க போட்ட?"

 அடுப்பில் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். வண்டியை இழுத்து வந்து விட்டார்களே, அந்த மூன்றாம் நாள். அன்றைக்கே திறந்து பார்த்திருக்கிறார், எடுத்தால் நான் கேட்பேன், கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அப்படியே திருகி மூடிவிட்டு, முற்றத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் நான்தான் விட்டுட்டேன் என்றிருக்கிறார். ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தது என் முகத்தைப் பார்த்தால் வாயில் வந்துவிடும் என்றா. கேட்க வேண்டும், எப்போது கேட்பேன், இனிமேல் இந்த வீட்டில் அதை எந்த மூலையில் வைத்துக் கேட்பேன். உள்ளேயிருந்து அம்சவேணி, அக்கா நீயும் வா, சூடா இருக்குது என்று கூப்பிட்டாள். அவளுடைய சமையல்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்தோம். அவள் போடப்போட, வேண்டாம் என்று சொல்லாமல், நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.